ட்ராக் காத்திருக்காது

(அடையாறில் கரோக்கி பாடுகிறவர்களின் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாடுகிறவர்களின் கூட்டத்துக்கு வந்து, கேட்கிறவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். மேடையில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் நல்ல குரல், நல்ல மைக், நல்ல ட்ராக் என்று சொல்வீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவருக்கு வேண்டியது ஒரு காது. அந்தக் காது கரோக்கி மேடையில் எங்கே இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா என்று பல மேடைகள். பாடகர் சில சமயம் பல்லவியை ஒரு தடவை கூடுதலாகப் பாடிவிடுவார். சில சமயம் இடையிசை முடியுமுன்பே சரணத்தை எடுத்துவிடுவார். தபலாக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். பேஸ் கிடார் வாசிப்பவர் தலையசைப்பார். அடுத்த ஆவர்த்தம் முடிவதற்குள் குழு முழுவதும் பாடகர் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. பக்கவாத்தியக்காரருக்குக் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது இரண்டாவது சங்கதி. பாடுகிறவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை.

கரோக்கியில் பாடகருக்குப் பின்னால் ஓடும் பதிந்த இசைக்கு, அதாவது ட்ராக்குக்கு, அது தெரியாது. நீங்கள் கஸ்தூரிபா நகர் ஸ்டேஷனில் படியேறி வந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதற்காக வேளச்சேரி ரயில் நிற்பதில்லை அல்லவா, ட்ராக்கும் அப்படித்தான். வரி மறந்தாலும் போகும், தொண்டை கட்டினாலும் போகும். ஆக, கரோக்கி மேடையில் பாடுகிறவரைக் கேட்பதற்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது ஐம்பது பேரை விட்டால் ஆள் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால், நாம் இந்தக் கூடத்தில் செய்கிற காரியத்தின் கனம் புரியும்.

கரோக்கி இயந்திரம் பிறந்த கதையும் ஒரு பக்கவாத்தியக்காரரின் கதைதான். ஜப்பானில் கோபே என்ற துறைமுக நகரம். அங்கே இனோவே தைசுகே என்பவர் மதுக்கூடங்களில் பாட ஆசைப்படும் வாடிக்கையாளர்களுக்கு வாசித்துப் பிழைத்துவந்தார். பெரிய வித்வான் இல்லை. ஆனால் பாடுகிறவர் எந்தப் போக்கில் போனாலும் கூடவே போகத் தெரிந்தவர். ஒரு சிறு நிறுவனத்தின் தலைவர், தாம் போகிற வெளியூர்ப் பயணத்துக்கு அவரைத் துணைக்கு வரச்சொன்னார். விருந்தில் பாட வேண்டும், இனோவே வாசித்தால்தான் தமக்குப் பாட்டு வரும் என்பது அவர் எண்ணம். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதருக்கு எந்தச் சுருதி ஒத்துவரும், எந்த வேகத்தில் பாடுவார் என்பதெல்லாம் தெரிந்திருந்ததால், அதற்குத் தக்கபடி வாசித்து, நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அங்கிருந்து பிறந்த யோசனையில், 1971இல் நாடா, மைக், காசு போடும் பெட்டி எல்லாம் சேர்ந்த 11 இயந்திரங்களைச் செய்வித்து, கோபே மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. தோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி என்பவர் 1967இலேயே இதுபோன்ற ஒரு பெட்டியைச் செய்திருந்தார். பிலிப்பைன்ஸின் ராபர்ட்டோ டெல் ரொசாரியோ 1980களில் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். யார் முதல் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கோபே கதையில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த நாடா, ஒரே ஒரு மனிதரின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவர் அவருக்காகவே வாசித்தது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் பரவிய ட்ராக்குகள் யாருக்காகவும் வாசித்தவை இல்லை, எல்லாருக்கும் பொது. அந்த இடத்தில் விட்டுப்போனதைத்தான் நாம் இங்கே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

2004இல் இனோவேக்கு இக் நோபல் விருதில் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைப்பதற்காகத் தரும் விருது அது. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதிதாக ஒரு வழியை உண்டாக்கினார் என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பொறுத்துக்கொள்வது முதல் படி. அதற்கு அடுத்த படியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊருக்கு வருவோம். அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் பாட்டு புதிதில்லை. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது இந்த அடையாற்றில்தான். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் பஜனை பாடிக்கொண்டு போனபோது, கூடப் போனவர்கள் எல்லாரும் பாடினார்கள். அங்கே பாடகர் வேறு, ரசிகர் வேறு என்ற பிரிவு இல்லை. நவராத்திரியில் கொலு பார்க்கப் போகிற வீட்டில் ‘ஒரு பாட்டு பாடும்மா’ என்று கேட்காமல் சுண்டல் கொடுத்ததுண்டா? அந்தப் பெண்களில் பலர் ஆறேழு வருஷம் பாட்டு கற்றவர்கள். கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், தம்பூரா பரணுக்குப் போகும். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்தக் குரலைச் சமையலறை மட்டும் கேட்டிருக்கும். ஆண்கள் விஷயத்தில் குளியலறை. சபா என்ற அமைப்பு நமக்கு மகத்தான கலைஞர்களைக் கொடுத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே அமைப்பு, நன்றாகப் பாடாவிட்டால் வாயைத் திறக்காதே என்ற பயத்தையும் நம் தெருக்களில் விதைத்துவிட்டது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மெல்லிசைக் குழுக்கள் வந்து கதவைக் கொஞ்சம் திறந்தன. ஏ.வி. ரமணனின் ‘மியூசியானோ’, லஷ்மன் ஸ்ருதி போன்ற குழுக்களை இங்கே இருப்பவர்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். 2024இல் நம்மைவிட்டுப் போன உமா ரமணன், 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் பாடிப் புகழ்பெற்ற பிறகும் இந்த மெல்லிசை மேடையை விடவில்லை. ஆனால் ஒரு குழு என்றால் பத்துப் பதினைந்து வாத்தியக்காரர்கள், ஒத்திகை, வண்டி, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாம் உண்டு. இத்தனையும் ஒரு வங்கி ஊழியர் தம் ஆசைக்கு ஒரு பாட்டு பாடுவதற்காகக் கூட முடியுமா? மைக் சிலருக்கு மட்டும்தான் கிடைத்தது. இன்றைக்கு ஒரு மடிக்கணினி, இரண்டு ஸ்பீக்கர், இரண்டு மைக் இருந்தால் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம் போதும். காந்தி நகரிலும் சாஸ்திரி நகரிலும் இந்திரா நகரிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மருத்துவர்கள், மென்பொருள்காரர்கள், வீட்டோடு இருந்த பெண்கள் எல்லாம் பாட வருகிறார்கள். நாற்பது வருஷமாகப் பரணில் இருந்த குரல் கீழே இறங்கியிருக்கிறது. இதைவிடப் பெரிய நல்ல செய்தி இந்த வட்டாரத்தின் இசை வாழ்வில் அண்மையில் எனக்குக் கிடைக்கவில்லை.

‘இது பாட்டா? யாரோ வாசித்ததன்மேல் யாரோ பாடியதை நகல் எடுப்பதுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. திரைப்பாட்டே அப்படித்தான் உருவாகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1938இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கே தொடங்கியது என்பார்கள். அன்றும் அதன்பின் நெடுங்காலமும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில் பாடி வாசித்துப் பதிவுசெய்தார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து. பிறகு பலதடப் பதிவு வந்தது. இப்போது பாடகர் ஒரு கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று, காதில் ஹெட்போன் மாட்டி, முன்பே பதிந்த இசைக்கு மேல் பாடுகிறார். ஜோடிப் பாட்டில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு நாளில் வந்து பாடிவிட்டுப் போவதும் சகஜம். ஆகவே ட்ராக்குக்கு மேல் பாடுவது தாழ்ந்த காரியம் என்றால், நாம் கொண்டாடும் பாட்டுகளில் பாதியை ஒதுக்க வேண்டும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இசையமைப்பாளர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ‘அந்த வரியை இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தொடுங்கள், இன்னொரு டேக் போகலாம்’ என்பார். உங்களுக்கு இன்னொரு டேக் கிடையாது. கண்ணாடிக்கு அப்பால் ஒருவரும் கிடையாது.

கூட்டத்துக்கு முன்னால் நின்றால் ஏன் தடுமாறுகிறது? வீட்டில் பத்துத் தடவை சரியாக வந்த பாட்டு இங்கே வந்து நின்றதும் ஏன் கைவிடுகிறது? 1965இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதினார். நன்றாகப் பழகிய வேலையைப் பிறர் பார்க்கும்போது இன்னும் நன்றாகச் செய்கிறோம். அரைகுறையாகப் பழகியதைப் பிறர் பார்க்கும்போது இன்னும் மோசமாகச் செய்கிறோம். பயம் வந்தால் மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறிவிடுகிறது, வாய் உலர்கிறது. அடிவயிற்றிலிருந்து எடுத்த மூச்சில் முடிக்கிற நீண்ட வரி, மேல்மூச்சில் நடுவிலேயே அறுந்துபோகிறது. அதனால்தான் எஸ்.பி.பி. 1990இல் ‘கேளடி கண்மணி’ படத்தில் ஒரே மூச்சில் பாடுவது போல் அமைந்த பாட்டை, போன வாரம்தான் பழகத் தொடங்கியவர் மேடையில் எடுக்க வேண்டாம் என்கிறேன். ஊறிப்போன பாட்டு எதுவோ அதைப் பாடுங்கள். வரியைத் திரையில் பார்க்காமல் பாட முடிகிற பாட்டு.

அடுத்தது சுருதி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த கண்ணீரில் பெரும்பகுதி இதனால் வந்தது. நம் ஊர்ப் பேச்சில் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை என்கிறோம். பொதுவாக ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். கர்நாடக இசை பயின்ற பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு. திரைப்பாட்டுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. டி.எம். சௌந்தரராஜனுக்காகப் போட்ட மெட்டு, அவருடைய உச்சஸ்தாயியை நம்பிப் போட்டது. மந்தைவெளியில் இன்று அவர் பெயரில் சாலை இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் நடக்கிற எல்லாருக்கும் அவர் தொண்டை இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. எஸ். ஜானகியம்மாவின் பாட்டை அறுபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் அசல் சுருதியிலேயே பாட நிற்கிறார். பல்லவி வரை வரும். சரணத்தின் மேல்வரியில் குரல் கீறும். முகம் வாடும். ‘எனக்கு இனிமேல் வராது’ என்று மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். வயதானால் பெண்குரல் இறங்குவது உடம்பின் இயற்கை. அவருக்குப் பாட்டு வராமல் போகவில்லை, ட்ராக் அவருக்கு ஒத்துவராத இடத்தில் நின்றது, அவ்வளவுதான். இனோவே அந்த மனிதருக்குச் செய்ததை நாம் இவருக்குச் செய்யவில்லை. இன்று ஒரு பொத்தானில் ட்ராக்கை அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கலாம். அதிகமாக இறக்கினால் வாத்திய ஒலி கனத்துச் சிதையும், அதனால் கொஞ்சம் போதும். ஜோடிப் பாட்டில் இருவருக்கும் ஒரே சுருதி என்பதால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதை மேடையேறுமுன் பேசிக்கொள்ளுங்கள். சுருதி இறக்கிப் பாடுவது அவமானம் என்ற எண்ணம் இந்தக் கூட்டத்தைவிட்டுப் போக வேண்டும். கச்சேரி மேடையில் ஒவ்வொரு வித்வானும் தம் சுருதியில்தான் பாடுகிறார், மற்றவர் சுருதியில் இல்லை.

பாட்டின் சொல்லைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. திரையில் ஓடுகிற வரிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் வருகின்றன. அந்த எழுத்தில் ல, ள வித்தியாசம் இல்லை. ன, ண வித்தியாசம் இல்லை. ‘ழ’ வந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். குறில் எது, நெடில் எது என்று தெரியாது. பாரதியையும் பட்டினத்தாரையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், திரையைப் பார்த்த மாத்திரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையாகிவிடுகிறார். கண் எழுத்தில் ஒட்டிக்கொண்டால் காது இசையைவிட்டு விலகிவிடும். கண்ணதாசனும் வாலியும் எழுதிய வரிக்கு, எந்தச் சொல்லில் அழுத்தம், எந்த இடத்தில் மூச்சு என்று எம்.எஸ்.வி. பார்த்துப் பார்த்து மெட்டமைத்திருப்பார். 2015 ஜூலை 14 அன்று அவர் கண்மூடியது நம் அடையாற்றில் ஒரு மருத்துவமனையில். அவர் பாட்டை இந்த மண்ணில் பாடும்போதாவது ‘மழை’யை ‘மலை’யாக்காமல் பாடுவோமே. தமிழில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் கையெழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது, எழுதும்போதே பாதி மனப்பாடமாகிவிடும்.

ட்ராக் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நண்பர் வாசலிலேயே கேட்டார். முன்பு ஸ்டீரியோ பதிவில் நடுவில் இருக்கும் குரலைக் கழித்து ட்ராக் எடுப்பார்கள். ஐம்பது அறுபதுகளின் பாட்டுகள் மோனோ பதிவு, எல்லாமே நடுவில்தான். அதனால் விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டுக்கு அந்த வித்தை பலிக்காது. கீபோர்டு கலைஞர்கள் ஒவ்வொரு வாத்தியமாகக் கேட்டு, முழுவதையும் திரும்ப வாசித்துச் செய்தவைதான் நீங்கள் இத்தனை நாள் பாடிய பழைய ட்ராக்குகள். பெயர் தெரியாத அந்தக் கலைஞர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம். 2019இல் ‘ஸ்ப்லீட்டர்’ வெளியானது முதல் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மோனோ பாட்டிலிருந்தும் குரலைப் பிரித்துத் தருகின்றன.

சட்டத்தைப் பற்றியும் கேட்டார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், தொழில்முறை அல்லாத கலைஞர்களின் சங்கம் கட்டணம் வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சிக்கு விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டாலோ, பாடியதை யூடியூபில் ஏற்றினாலோ கதை வேறு. அதற்கு உரியவர்களின் அனுமதியைக் கேளுங்கள். ஒலி அமைப்பு பற்றி இரண்டு வார்த்தை. எக்கோவைக் குறையுங்கள். அது பிசிறை மறைப்பதாக நினைக்கிறோம், சொல்லைத்தான் மறைக்கிறது. ஸ்பீக்கருக்குப் புளூடூத் வேண்டாம், ஒலி தாமதமாகிப் பாடுகிறவருக்குத் தாளம் தப்பும். வயர் போடுங்கள்.

இப்போது கேட்பதற்கு வருகிறேன். பல கூட்டங்களில் நடப்பதைச் சொல்கிறேன். பட்டியலில் இருபது பேர். முதலில் பாடியவர் மூன்றாவது பாட்டின்போது எழுந்து போய்விடுகிறார். பத்தாவதாகப் பாட வேண்டியவர் ஒரு காதில் இயர்போன் மாட்டித் தம் ட்ராக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் தம் வீட்டாருக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். இருபதாவது ஆள் பாடும்போது ஒலி அமைப்பாளரும் பாடுகிறவரின் மனைவியும் மட்டும் மிச்சம். எல்லாரும் பாடினார்கள், ஒருவரையும் ஒருவரும் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் ‘சூப்பர்’ என்ற ஒரு சொல் எல்லாருக்கும் ஒரே அளவில் விநியோகமாகிறது. அந்தச் சொல்லில் அன்பு இருக்கலாம், கவனம் இல்லை.

நல்ல சபையில் கேட்கிறவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். வித்வான் சிக்கலான இடத்தைச் சுற்றி வந்து எடுப்பில் இறங்கும்போது கூடமே அவரோடு இறங்கும். அதை நாம் இங்கே கொண்டுவர முடியாதா? ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் சரணத்தின் எடுப்பைத் தவறவிட்டுத் திகைத்து நின்றார். ட்ராக் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கையை உயர்த்தித் தாளம் போட்டு, அடுத்த வரியின் முதல் சொல்லை உதட்டசைவால் காட்டினார். பெரியவர் பிடித்துக்கொண்டார். கடைசி வரைக்கும் அவர் கண் அந்த அம்மாவின் கையைவிட்டு நகரவில்லை. எங்கள் தபலாக்காரர் செய்ததை அந்த அம்மா செய்தார். காது இல்லாத ட்ராக்குக்கு அவர் காதாக இருந்தார்.

கேட்பதற்குப் போகவும் வேண்டும். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழந்தைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வதுண்டு. குரல் மெல்லியது என்பதால் கேட்கிறவர்கள் நெருங்கி உட்காருவார்கள். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலை விழா தொடங்கியபோது, சபாக்களைத் தவிர வேறெங்கும் போகாதவர்கள் மீனவர்களின் தெருவுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், இத்தனை காலம் நடக்காமல் இருந்தோம். குப்பத்துப் பிள்ளைகள் கானா பாடினால் ட்ராக் எதற்கு? சுற்றி நிற்பவர்கள் தட்டுகிற தாளமே அவர்களுக்குப் பக்கவாத்தியம்.

ஆகவே இந்தக் குழுவின் பொறுப்பாளர்களிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். கடைசிப் பாட்டு வரை இருக்கச் சம்மதிக்கிறவருக்கு மட்டும் பட்டியலில் இடம் கொடுங்கள். அவசரம் இருப்பவர் அன்றைக்குக் கேட்டுவிட்டுப் போகட்டும், அடுத்த முறை பாடலாம். இரண்டாவது, ஒவ்வொருவர் பாடிய பிறகும் வேறொருவர் எழுந்து, அந்தப் பாட்டில் தமக்குப் பிடித்த ஓர் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லட்டும். எந்த வரி, எந்தச் சங்கதி, எந்தச் சொல்லை உச்சரித்த விதம் என்று இடம் சொல்லிப் பாராட்டட்டும். அப்படிச் சொல்ல வேண்டும் என்றால் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு மாலையிலும் ஒரு பாட்டு ட்ராக் இல்லாமல் நடக்கட்டும். இந்தப் பேட்டையிலேயே ஹார்மோனியமோ கீபோர்டோ வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அழைத்து உட்காரவையுங்கள். பாடுகிறவர் வேகத்தைக் குறைத்தால் கூடவே குறைக்கிற ஒரு துணை எப்படியிருக்கும் என்பதை, வாழ்நாளில் அதை அறியாதவர்கள் ஒரு முறையாவது அறியட்டும். ஆள் கிடைக்காத மாலையில் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து வாசிக்கிறேன். எந்தக் கட்டை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.